டிஎன்ஏவை வாரி நிறுத்தப் பட்ட பாடு

டிஎன்ஏ கரைசலில் ஊறிய கவர்ஸ்லிப்பை (மெல்லிய கண்ணாடித் துண்டு) மோட்டார் வைத்து மெதுவாக மேலே இழுத்தால், முனை ஒட்டிய இழைகளை விலகும் நீர் விளிம்பு நேராக நீட்டிவிடும்; இதுதான் டிஎன்ஏவை வாருவது. நமக்கோ லென்ஸில் கண் வைத்தால் இரண்டில் ஒன்றுதான் தெரிந்தது. வெறும் இருட்டு, இல்லையென்றால் சிக்குப் பிடித்த நூல்கண்டு. மழைக்கோடு மாதிரி இணையாக நிற்கவேண்டிய லாம்டா (ஒரு பாக்டீரியா வைரஸ்) டிஎன்ஏவில் ஒற்றை இழைகூட நேராக வராமல் மூன்று வாரம் வீணானது. மோட்டாரைச் சந்தேகப்பட்டு, சாயத்தைச் சந்தேகப்பட்டு, டிஎன்ஏவையே மாற்றிப் பார்த்தாயிற்று. மூன்றும் நிரபராதி.

இருட்டுக்குக் காரணம் பிஎச் மீட்டர். பொது மீட்டர், எல்லாரும் 7-க்கு மேலே இருக்கும் டிரிஸ் பஃபருக்கே (பஃபர் என்றால் பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) பயன்படுத்துவது, அதனால் 7, 10 என்ற இரண்டு கரைசலோடு காலிபரேஷனை முடித்துவிட்டிருந்தார்கள். நமக்கு வேண்டியதோ 5.5. அது 5.5 என்று சத்தியம் செய்த 50 மில்லிமோலார் எம்இஎஸ் பஃபரை, 4, 7 கரைசல்களில் மறுபடி காலிபரேட் செய்து அளந்தால் 5.8. வெறும் 0.3 தானே என்று நினைத்தால் போச்சு. 5.5-ஐ ஒட்டித்தான் இரட்டைச் சுருளின் முனைகள் மட்டும் லேசாகப் பிரிந்து, உள்ளே மறைந்திருக்கும் நீர் விலக்கும் காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) வெளியே எட்டிப்பார்க்கின்றன. பரப்பைப் பிடித்துக்கொள்வது அவைதான். பிஎச் ஏறினால் முனை ஒட்டாது, கவர்ஸ்லிப் காலியாக வரும். இறங்கினால் உடம்பு முழுக்க அப்பிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நீளாது. பஃபர் தயாரிக்கும்போது எம்இஎஸ் டப்பா அமில வடிவமா, சோடியம் உப்பா என்று லேபிளைப் படித்துவிடுங்கள். அகரோஸ் பிளக்கிலிருந்து எடுத்த ஜீனோமிக் டிஎன்ஏ என்றால் கூடவே நிறைய டிஇ (டிரிஸ்-ஈடிடிஏ பஃபர்) வரும். ஆகவே டிஎன்ஏ கலந்த பிறகும் ஒருமுறை பிஎச் பார்ப்பது நல்லது.

நூல்கண்டு வேறு கதை. அது கண்ணாடியை நீர் ஒட்டாததாக்கப் பூசும் சிலேனின் வேலை. ஆக்டெனைல்டிரைகுளோரோசிலேன் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினால் காற்றின் ஈரம் புகுந்து, கண்ணாடியோடு சேரவேண்டிய மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து கட்டியாகிவிடும். அப்படிப்பட்டதைப் பூசினால் பரப்பு திட்டுத் திட்டாக இருக்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் நீர் விலகாமல் துளியாகத் தங்கிக் காயும். அந்தத் துளிக்குள் இருந்த டிஎன்ஏ உப்போடு சேர்ந்து சுருண்டு கிடக்கும். கட்டிகளோ சாயத்தை வாங்கிக்கொண்டு வானத்து நட்சத்திரம் மாதிரி மின்னும். புது பாட்டில் வந்த அன்றே நைட்ரஜன் சூழலில் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப்பே வேண்டாம். பூசிய கவர்ஸ்லிப்பில் 20 மைக்ரோலிட்டர் தண்ணீர் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். துளி தடம் வைக்காமல் உருண்டு ஓடவேண்டும். பஃபரிலிருந்து மேலே இழுக்கும்போதும் கவர்ஸ்லிப் உலர்ந்தே வெளிவரவேண்டும். ஒரு மூலையில் ஈரம் தெரிந்தால் அதைப் படம் எடுக்கவே உட்காராதீர்கள், தூக்கிப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு பாதி நேரம் மிச்சம்.

பூசுவதற்கு முன் கழுவ பிரானா (சல்ஃப்யூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை) பயன்படுத்துபவர்களுக்கு: சல்ஃப்யூரிக் அமிலத்தில்தான் பெராக்சைடை மெதுவாக விடவேண்டும், தலைகீழாக அல்ல. அசிட்டோன் பட்ட கண்ணாடியைக் காயவைக்காமல் அதில் போடக்கூடாது, மிச்சத்தை இறுக்கி மூடவும் கூடாது. வெடிக்கும். ஆக்சிஜன் பிளாஸ்மா கிடைத்தால் அந்த வம்பே வேண்டாம்.

இழுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஐந்து நிமிடம் ஊறல், பிறகு வினாடிக்கு 300 மைக்ரோமீட்டர். 22 மில்லிமீட்டர் வெளியே வர 73 வினாடி ஆகும், மோட்டாரைக் கைக்கடிகாரம் வைத்தே சோதித்துவிடலாம். ஊறும் நேரத்தை நீட்டினால் இரண்டு முனையும் ஒட்டி, ஹேர்பின் மாதிரி வளைந்த இழைகள் அதிகமாகும்.

சாயம் யோயோ-1, ஐந்து முதல் பத்து கார இணைக்கு ஒரு மூலக்கூறு. கலந்தவுடன் பயன்படுத்தினால் ஒரு இழை பளிச், பக்கத்து இழை மங்கல் என்று வரும். 50 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் சமமாகப் பரவும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகக்கூடாது. பைப்பெட் டிப்பின் நுனியை வெட்டிவிட்டு, மெதுவாக உறிஞ்சவேண்டும். இன்னொரு வில்லன் ஒளியே. யோயோ ஏறிய இழை நீல ஒளியில் கண்ணெதிரே துண்டு துண்டாகும். ஓரிடத்தில் ஃபோகஸ் செய்து, ஷட்டரை மூடி, பக்கத்துப் புலத்துக்கு நகர்ந்து, அங்கே ஒரே கிளிக். ஆசைப்பட்டு இரண்டாவது படம் எடுத்தால் நீளக் கணக்கு கெட்டுவிடும்.

வாரிய இழையில் குறிப்பிட்ட பகுதியை அடையாளம் காட்டும் அடுத்த கட்டம், அதாவது 60 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டது, இரட்டை இழையைப் பிரித்தது, அந்தப் பகுதியில் ஒட்டும் புரோப், அதைக் காட்டும் ஆன்டிபாடி எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தன.

கடைசியாக நீளம். லாம்டாவில் 48,502 கார இணைகள். சாதாரணமாக 16.5 மைக்ரோமீட்டர், நீர் விளிம்பு இழுத்து நீட்டிய பிறகு மைக்ரோமீட்டருக்கு 2 கிலோபேஸ் (2,000 கார இணை) கணக்கில் சுமார் 24. 100 மடங்கு லென்ஸும் 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் கேமராவும் என்றால் ஏறக்குறைய 373 பிக்சல். ஹிஸ்டோகிராமில் 24-இல் கூர்மையான முகடு எழுந்த அன்றுதான் மூச்சு வந்தது. அதற்குக் கீழே நீண்ட வால் தெரிந்தால் பைப்பெட்டில் உடைகிறது என்று அர்த்தம். 48-இல் இன்னொரு குட்டி முகடு இருந்தால் பயப்படவேண்டாம், லாம்டாவின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் 12 எழுத்து ஒற்றை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. சாயம் சேர்க்கும் முன்பே 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, சட்டென்று ஐஸில் இறக்கினால் அது காணாமல் போய்விடும்.