மேகத்துக்குள் ஒரு உச்சி

கடைசி அரை மணி நேரமும் வெறும் பாறாங்கற்கள்தான். முழங்கால் கெஞ்சியது.

ஸ்கேஃபெல் பைக் உச்சி. 978 மீட்டர். இங்கிலாந்திலேயே உயரமான இடம். பார்க்கத்தான் ஒன்றுமில்லை, சுற்றிலும் மேகம்!

கற்குவியலின் பக்கவாட்டில் ஒரு கல்வெட்டு. முன்னால் நின்ற பெரியவர் ஸ்வெட்டர் கையால் ஈரத்தைத் துடைத்தார். எழுத்து தெரிந்தது.

முதல் உலகப்போரில் மாண்ட, இந்த மலை இருக்கும் ஏரி மாவட்டத்து (லேக் டிஸ்ட்ரிக்ட்) ஆண்களின் நினைவாக, 1919இல் லெகன்ஃபீல்டு பிரபு இந்த உச்சியை நாட்டுக்கே கொடுத்துவிட்டாராம்.

சிலை இல்லை, மண்டபம் இல்லை. மலை உச்சியையே எழுதிக் கொடுத்திருக்கிறார், மனுஷன்.

இதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கத்தான் நானும் வந்தேன்.

ஓரமாக உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தேன். பெரியவர் ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினார்.

மேகம் விலகவே இல்லை.