பல வருஷம் கழித்துக் கல்லூரியா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் படிக்க வரும் பெண்களின் விண்ணப்பம், அடிக்கடி ஒரே ஓர் எழுத்தில் நின்றுபோகிறது. மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் இருக்கும்.

சைதாப்பேட்டை தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியோ, 2024 முதல் சேருவதற்கு டெப் ஐடி (யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்) வேண்டும். அதை எடுக்க ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கின் எண்) வேண்டும். அதற்குப் பெயர் ஆதாரிலிருந்து வருகிறது. அங்கே விட்ட பிழை பட்டச் சான்றிதழ் வரை கூடவே வரும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் மார்க் ஷீட்டில் உள்ளபடி பெயரை, இடைவெளி உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். ஒப்புகைச் சீட்டில் தமிழையும் ஆங்கிலத்தையும் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகருங்கள். சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

பிளஸ் டூ இல்லாதவர்களிடம் "நேராக டிகிரி வாங்கித் தருகிறோம்" என்று சொல்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தமிழக அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். விட்ட தேர்வைத் தனித்தேர்வராக (பள்ளியில் சேராமல்) எழுதுங்கள், ஒரு வருஷம் கூடுதலானாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பே எழுத வேண்டியவர்கள் அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியில் தனியாகப் பதிய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்தது கை. இதை யாருமே சொல்லித் தருவதில்லை. வருஷக்கணக்கில் போனில் தட்டிப் பழகிய விரல், அரை மணி நேரம் பேனா பிடித்தாலே கட்டைவிரல் அடியில் வலிக்கத் தொடங்கும். எழுத்து சாயும், வேகம் குறையும், பதில் தெரிந்தும் கடைசிக் கேள்விகள் வெறுந்தாளாகப் போகும். முதல் வாரம் தினம் 20 நிமிடம் எழுதுங்கள். பார்த்து எழுதாமல், ஒரு பக்கம் படித்து, புத்தகத்தை மூடி, சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். வாரம் 10 நிமிடம் கூட்டினால் 16 வாரத்தில் மூன்று மணி நேரம் வந்துவிடும். டிசம்பரில் தேர்வென்றால் ஆகஸ்ட் முதல் வாரமே பேனாவை எடுத்தாக வேண்டும். முழுநீளப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தலாம்.

வீட்டில் உட்கார இடமில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள்.