முதல் டீக்கு முன்னால்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று கோல்ஃப் ஆட்டத்தில் இரண்டாவது ஹோலிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஷூவை மாட்டிக்கொண்டு நேராக முதல் டீக்குப் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) போயிருந்தேன். குனிந்து கால் விரல்களை இரண்டு முறை தொட்டேன். டிரைவர் என்ற நீளமான கிளப்பை (பந்தடிக்கும் கோலை)ப் பின்கழுத்தில் வைத்து இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. பல வருடமாக என் வார்ம் அப் இவ்வளவுதான்.

முதல் ஹோலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டீயில் பந்தில் அடி பட்ட கணமே, இடுப்பின் வலப்பக்கம் கயிறு போட்டு இறுக்கியதுபோல் ஆகிவிட்டது. கிரீனில் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) குழியிலிருந்து பந்தை எடுக்கக்கூட குனிய முடியவில்லை. கூட ஆடிய பெரியவர்தான் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு 71 வயது, எனக்கு 46. “இன்னிக்குப் போதும் தம்பி, பையைக் கட்டு” என்றார். நான்காவது ஹோல் வரை ஆடிவிட்டுத்தான் கிளம்பினேன். அது தவறு. வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

பிப்ரவரி 6, வியாழன்

பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். எலும்பிலோ நரம்பிலோ பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். நிம்மதி.

அதன் பிறகு அவர் செய்த சோதனைதான் எனக்குப் புதிது. மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தார். வலது தொடை தாராளமாகச் சுழன்றது. இடது தொடை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது.

“சார், நீங்க வலக்கை ஆட்டக்காரர். பந்தை அடிச்சதும் உடம்பு மொத்தமும் இடது காலுக்கு மேல சுழலணும். அந்த மூட்டு சுழல மறுத்தா, மிச்சத்தை யார் சுமக்கிறது? உங்க இடுப்புதான், அதாவது கீழ் முதுகு” என்றார்.

முதுகெலும்பு படம் ஒன்றைக் காட்டி விளக்கினார். கீழ் முதுகில் ஐந்து எலும்புகள். அவை முன்னும் பின்னும் நன்றாக வளையும், ஆனால் பக்கவாட்டில் சுழல்வது மிகக் குறைவு. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான். அதற்கு மேலே விலா எலும்புகள் கோத்திருக்கும் நடு முதுகில் 12 எலும்புகள். சுழலும் வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. கிளப்பைப் பின்னால் தூக்கும் முழு பேக்ஸ்விங்கில் தோள்கள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகின்றன, இடுப்புக்கூடு 45 டிகிரி. நடுவில் உள்ள வித்தியாசத்தை நடு முதுகு தரவேண்டும். இடுப்புக்கூட்டின் 45 டிகிரியைத் தொடை மூட்டுகள் தரவேண்டும். இரண்டும் தராவிட்டால், சுழலவே தெரியாத கீழ் முதுகிடம் போய்க் கேட்கிறோம்.

இத்தனை வருடம் கீழ் முதுகைத்தானே திருகித் திருகித் ‘தயார்’ செய்தேன்! வரும் வழியெல்லாம் இதே நினைப்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆட அனுமதியில்லை. சும்மா, பந்தடித்துப் பழகும் ரேஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். மற்றவர்கள் எப்படி ஆரம்பிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பெரும்பாலோர் பையைத் திறந்ததும் டிரைவரைத்தான் எடுத்தார்கள். ஒருவர் என்னைப் போலவே கிளப்பைக் கழுத்துக்குப் பின்னால் வைத்து வெடுக் வெடுக்கென்று திருப்பினார். பார்க்கவே பயமாக இருந்தது. தூக்கிய கிளப்பைப் பந்துக்கு இறக்கும் டவுன்ஸ்விங் கால் நொடியில் முடிந்துவிடும் வேலை. சாதாரண ஆட்டக்காரர் கையிலும் கிளப்பின் தலை மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைச் சந்திக்கிறது. உட்கார்ந்து உறைந்துபோன உடம்பிடம் எடுத்த எடுப்பில் அதைக் கேட்கிறோம். ஓட்டப்பந்தயத்துக்கு அப்படி யாராவது போவார்களா? கோல்ஃப் நிதானமான ஆட்டமாகத் தெரிவதால் இது நமக்கு உறைப்பதில்லை.

ராத்திரி ஸ்பானிய கோல்ஃப் வீரர் மிகெல் ஆங்கெல் ஹிமெனெஸ் வார்ம் அப் செய்யும் வீடியோவை மறுபடி பார்த்தேன். வாயில் சுருட்டு, இடுப்புக்கூட்டை வளைத்து வளைத்து ஒரு சுற்று, முழங்கால்களை ஒட்டி வைத்து ஒரு சுற்று. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தேன். இன்று பார்த்தபோது, அவர் கீழ் முதுகைத் திருகவே இல்லை என்பது கண்ணில் பட்டது. தொடை மூட்டு, முழங்கால், தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் தட்டி எழுப்புகிறார். 2014இல் ஸ்பானிஷ் ஓப்பனை வென்றபோது அவருக்கு வயது 50. ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் 50 வயதைக் கடந்து வென்ற முதல் ஆள் அவர்தான். சுருட்டை விட்டுவிட்டு மற்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

இரண்டாவது முறை பிசியோதெரபிஸ்டிடம். இன்று கற்றது ஒரே விஷயம், ஆனால் பெரிய விஷயம்.

காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருக்கிறோமாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த பிறகு மெல்ல மெல்ல அந்த நீர் வெளியேறுகிறது. உப்பியிருக்கும் நேரத்தில் முன்னால் குனிந்தால் வட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களுக்கும் பாரம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொல்கிறார்.

நான் என்ன செய்தேன்? விடிகாலையில் எழுந்து, ஒரு மணி நேரம் கூனிக்கொண்டு காரோட்டி, இறங்கியதும் குனிந்து கால் விரலைத் தொட்டேன். நல்லது என்று நம்பித்தான் செய்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அசையாமல் நிறுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சுகளை மாலைக்கு மாற்றிவிட்டேன். ஒரு தசையை 60 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் விசை குறைகிறது. ஆட்டத்துக்கு முன்னால் அது உதவாது. ராத்திரி படுக்குமுன் பின்தொடை, பிட்டம், தொடையின் முன்பக்கம், ஒவ்வொன்றும் அரை நிமிடம், இரண்டு முறை. இடது தொடை மூட்டுக்கு மட்டும் கூடுதல் நேரம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரேஞ்சுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. புது முறையை முழுசாகச் செய்து பார்த்தேன். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

முதலில் நடை. பையைக் காரிலேயே விட்டுவிட்டு, கையை வீசி ஐந்து நிமிடம் வேகமாக நடந்தேன். லேசாக வியர்வை அரும்பும் வரை. இதைத் தவிர்த்துவிட்டு ஸ்ட்ரெச்சில் இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. சோம்பல் முறிப்பதும் உடம்பைச் சூடாக்குவதும் ஒன்றல்ல. தசைக்கு ரத்தம் ஓடிய பிறகுதான் அது இழுபடத் தயாராகிறது.

அப்புறம் கால் வீச்சு. ஒரு கிளப்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக 12, பக்கவாட்டில் 12. முதல் மூன்று நான்கு வீச்சு சின்னதாக, போகப் போகப் பெரிதாக. என் இடது கால் ஏழாவது எட்டாவது வீச்சில்தான் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தது. அந்த இடத்தில் அவசரப்படக்கூடாது.

அடுத்து, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து முழங்காலை மடக்கி இறங்கி, முன்கால் இருக்கும் பக்கமாக மார்பைத் திருப்புவது. பக்கத்துக்கு ஐந்து. தொடையும் நடு முதுகும் ஒன்றாக வேலை செய்கின்றன. இதில்தான் எனக்கு அதிகப் பலன் தெரிந்தது.

பிறகு, பந்துக்கு நிற்பதுபோல் நின்று, கிளப்பை மார்பின் குறுக்கே தோள்களில் வைத்துக் கைகளால் அணைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புவது. பின்னால் போகும்போது வலது தொடை மூட்டுக்குள் உட்காருவதுபோல் இருக்கவேண்டும், முன்னால் வரும்போது இடது மூட்டுக்குள். இடுப்புக்கூட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு மேலுடம்பை மட்டும் திருகக் கூடாது. அசைவு ஏறக்குறைய முன்பு செய்ததுதான். ஆனால் திருப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தலைகீழ்.

மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் அரை நிமிடம். அப்புறம் இரண்டு அயர்ன்களை (இரும்புத் தலை கிளப்புகளை)ச் சேர்த்துப் பிடித்து, மெதுவாகப் பத்து ஸ்விங். இடக்கை ஆட்டக்காரர் போல் எதிர்ப்பக்கமும் ஐந்து.

அதன் பிறகுதான் பந்து, குட்டையான கிளப்பிலிருந்து நீளமானதுக்கு. வெட்ஜில் அரை ஸ்விங் எட்டு, 7 அயர்னில் எட்டு, ஹைப்ரிடில் நாலு, டிரைவரில் நாலு. மொத்தம் 24. முன்பெல்லாம் ஒரு கூடைப் பந்தையும் காலி செய்துவிட்டுக் களைத்துப்போய் டீக்குப் போவேன்.

வலி இல்லை. டிரைவரின் முதல் அடியே நேராகப் போனது.

மார்ச் 2, ஞாயிறு

ஒன்பது ஹோல். முதல் ஐந்து சுகமாகப் போயின. ஆறாவது ஹோலில், அது பார் 3 (மூன்று அடியில் முடிக்கவேண்டியது), எங்களுக்கு முன்னால் இரண்டு குழுக்கள் காத்திருந்தன. பெஞ்சில் 20 நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்தபோது பழைய இறுக்கம் எட்டிப் பார்த்தது. சூடேற்றிய உடம்பு அப்படியே இருக்கும் என்று நினைத்தது என் தவறு.

இனிமேல் காத்திருக்கும்போது உட்காருவதில்லை. நடக்கவேண்டும். என் முறைக்கு முன் கால் வீச்சு ஆறு, தோளில் கிளப் வைத்துத் திருப்பம் ஆறு.

மார்ச் 9, ஞாயிறு

வழியில் தாமதம். போய்ச் சேர்ந்தபோது டீ நேரத்துக்கு, அதாவது முதல் அடிக்குக் குறித்த நேரத்துக்கு, எட்டு நிமிடமே இருந்தது. போட்டி என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பிந்தினால் ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு அடி தண்டனை, அதற்கு மேல் பிந்தினால் தகுதி நீக்கம். அவசரத்தில் எல்லாரும் ரேஞ்சுக்கோ, பந்தை உருட்டிப் பழகும் பட்டிங் கிரீனுக்கோதான் ஓடுகிறார்கள். நான் பந்தைத் தொடவே இல்லை. காரிலிருந்து டீ வரை வேகநடை, கால் வீச்சு, முன்கால் மடக்கித் திருப்பம், இரண்டு அயர்ன் ஸ்விங். நேரம் சரியாக இருந்தது. முதல் டீயில் டிரைவரை எடுக்காமல் 7 அயர்னால் அடித்தேன். மூன்றாவது ஹோலில்தான் டிரைவர்.

ஒருவர் கிளப்பின் கழுத்தில் மாட்டும் எடை வளையத்தோடு வந்திருந்தார். முதல் டீயில் அதை வைத்துப் பயிற்சி ஸ்விங் எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகு அதை மாட்டி ஸ்விங் செய்ய கோல்ஃப் விதி 4.3 அனுமதிப்பதில்லை என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உடனே கழற்றிப் பையில் போட்டார். இரண்டு அயர்ன்களைச் சேர்த்து வீசுவதற்கு அந்தத் தடை இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

18 ஹோல், நடந்தே. கூட அதே பெரியவர்.

அவர் சீக்கிரமே வந்துவிட்டார். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் சொல்லிக் குடு தம்பி” என்றார். முன்கால் மடக்கும் அசைவு அவர் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. அதை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மார்பைத் திருப்பச் சொன்னேன். உட்கார்ந்தால் இடுப்புக்கூடு தானாகவே நின்றுவிடும், நடு முதுகு மட்டும் திரும்பும். பூட்டித் திருகுவது தப்பு என்று எழுதியிருந்தேனே, இங்கே வேகமும் இல்லை, கிளப்பின் நெம்புகோலும் இல்லை, மெதுவாகச் செய்தால் பாரம் ஏறாது. கால் வீச்சு அவருக்குப் பிடித்துவிட்டது. பதினோராவது டீயில் காத்திருந்தபோது நான் சொல்லாமலே ஆரம்பித்தார்.

கடைசி கிரீனில் குனிந்து என் பந்தை எடுத்தேன், அவருடையதையும் எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் ஒன்றும் இல்லை.

வலது முழங்கையின் உட்புறம் மட்டும் லேசாக வலிக்கிறது. மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் அரை நிமிடம் போதவில்லையோ என்னவோ. வியாழக்கிழமை கேட்கவேண்டும்.