வேகம் பாதியானால் துடுப்பின் பலம் கால்வாசி

கப்பலின் பக்கவாட்டு ஆட்டத்தை ஜைரோ என்ற கருவி உணர்ந்து சொல்ல, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) விசை நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்புபோல் நீண்டிருக்கும், ஆட்டம் தணிக்கும் துடுப்புகளைத் திருப்பும். தாழும் பக்கத்துத் துடுப்பு மேலே தள்ளும். மறுபக்கத்தது கீழே இழுக்கும்.

சிக்கல் வேகத்தில்தான். துடுப்பு தள்ளும் தூக்குவிசை கப்பல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) என்பதிலிருந்து 10 நாட் ஆக இறங்கினால், அதே கோணத்தில் கால்வாசி விசைதான் மிஞ்சும். நங்கூரத்தில் நிற்கும்போது சாதாரணத் துடுப்பால் பயனில்லை.

அங்கே கைகொடுப்பது, நீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் தொட்டி. அந்த ஓட்டம் கப்பலின் ஆட்டக் காலத்தோடு (ஒருமுறை இருபுறமும் சாய்ந்து திரும்பும் நேரம்) பொருந்தும்படி நீர்மட்டம் இருக்க வேண்டும். சரக்கு மாறினால் ஆட்டக் காலமும் மாறும். மட்டத்தைத் திருத்தாவிட்டால் ஆட்டம் கூடவும் வாய்ப்புண்டு. தளும்பும் நீர் நிலைத்தன்மையைக் குறைப்பதால் சுமைக் கணக்கிலும் அது வந்தாக வேண்டும்.

துடுப்பின் ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்தால் முதலில் துடுப்புத் தண்டின் ‘சீல்’ என்ற கசிவுத்தடுப்பு வளையத்தைப் பாருங்கள்: கடல்நீர் புகுந்திருக்கலாம். கரை அணையும் முன் துடுப்பை உள்ளிழுக்க மறந்தால், சேதம் சீலோடு நிற்காது.