ஜிம்னியின் முன் அக்சிலை மாற்றிய நான்கு நாட்கள்

என் சுசுகி ஜிம்னி, சிறிய ஃபோர் வீல் வண்டி, 2008-இல் சிங்கப்பூரில் பதிவானது. ஜேபி43, 1.3 லிட்டர், மேனுவல் கியர். 2018-இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்றை, இன்னும் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அதோடு பார்ஃப் கழிவும், அதாவது வண்டியை ஒழிக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகையும், கையை விட்டுப் போனது. எனவே சென்ற ஆண்டு முன் அக்சில், அதாவது முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சு, பழுதானபோது, ஸ்கிராப்புக்குப் போடு என்று எத்தனை பேர் சொன்னாலும் எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவின் கோத்தா திங்கி செம்பனைத் தோட்டச் சேற்றிலும் மெர்சிங் கடற்கரை மணலிலும் என்னை ஒருமுறைகூடக் கைவிடாத வண்டி அது.

எண்பதில் போகும்போது ஸ்டியரிங் கைகளில் துடிக்கும். நிறுத்திப் பார்த்தால் வலது முன்சக்கரத்தின் உட்புறம் கருப்புக் குழம்பாக வழிந்திருக்கும். கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் சீலை மாற்றினேன், நான்கு மாதத்தில் மறுபடி வழிந்தது. மறுபடி மாற்றினேன், அப்போதும் அப்படியே.

மூன்றாவதாகப் போனது காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறை. அங்கே வேலை பார்க்கும் அண்ணன் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். அவர் சீலைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைக் கழற்றி, உள்ளேயிருந்த அக்சிலின் உருண்டை முனையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். என் கையைப் பிடித்து, “தம்பி, நகத்தால இழுத்துப் பாருங்க” என்றார். வழவழவென்று போக வேண்டிய இடத்தில் நகம் தட்டித் தட்டி நின்றது. துருப் பள்ளங்கள். எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளங்கள் அதன் உதட்டை அறுத்துவிடும். அந்த வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போய், நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கைத் தின்றிருந்தது. ஸ்டியரிங் துடித்ததும் அதனால்தான்.

அக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கையே மாற்றுவது என்று முடிவானது. அகலமான அக்சில், உயர்த்திய சஸ்பென்ஷன் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. இங்கே வண்டியின் அமைப்பில் கைவைப்பதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. பத்து வயது தாண்டிய வண்டி ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். இருந்ததைப் போலவே ஒன்று கிடைத்தால் போதும். ஜோகூரில் பழைய சாமான் கடை ஒன்றில் ஜேபி43 முன் அக்சில் கிடைத்தது. சக்கரம் பூட்டும் ஹப் இல்லை. உருண்டை முனைகள் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. நண்பரின் வேனில் ஏற்றி, சோதனைச் சாவடியில் அறிவித்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டிக் கொண்டுவந்தேன்.

அண்ணன் அதை மேசையில் ஏற்றியதும் முதலில் கேட்டது, “பல்லு எண்ணிட்டீங்களா?” உள்ளேயிருக்கும் பல்சக்கரங்களின் விகிதத்தைத்தான் கேட்டார். நான் எண்ணவில்லை. கடைக்காரர் மேனுவல் வண்டியிலிருந்து எடுத்தது என்றார், நம்பிவிட்டேன்.

எண்ணும் முறையை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். எஞ்சின் சக்தியை அக்சிலுக்குக் கொண்டுவரும் கார்டன் ஷாஃப்டு பூட்டும் வட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு பக்க ஷாஃப்டு முனையை அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபக்க முனையைச் சரியாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் சாக்பீஸ் கோடு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். என் பழைய அக்சிலில் கோடு நான்கு சுற்று சுற்றி, அதற்கு மேல் இரண்டு விரல்கடை நகர்ந்தது. புதிதாக வந்ததில் நான்கு சுற்றுக்கு மேல் கால்வட்டத்தையும் தாண்டிப் போனது. அதாவது 4.09-க்குப் பதில் 4.3. ஆட்டோ கியர் வண்டியின் அக்சில்.

அப்படியே பூட்டியிருந்தால் டூ வீலில் ஓடும்போது ஒன்றுமே தெரிந்திருக்காது. சேற்றில் ஃபோர் வீல் பட்டனை அமுக்கியதும் முன் சக்கரங்கள் ஒரு வேகத்துக்கும் பின் சக்கரங்கள் இன்னொரு வேகத்துக்கும் இழுத்து, சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் நடுவில் கிடந்து நெரிபட்டிருக்கும். அந்த ஒரு கேள்வி என் வண்டியைக் காப்பாற்றியது.

நல்லவேளை, அந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் ஜிம்னியில் தனி உருப்படியாகக் கழன்று வரும். என் பழைய டிஃபரன்ஷியலையும் ஷாஃப்டுகளையும் எடுத்துப் புது ஹவுசிங்கில் ஏற்றினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை அங்கேயே இரண்டாம் நாளைத் தின்றுவிட்டது.

ஹவுசிங்கை இறக்குவதும் ஏற்றுவதும் பெரிய விஷயமே இல்லை. அதில் ஒட்டிக்கொண்டிருப்பவைதான் படுத்தும். அக்சிலை வண்டியோடு பிடித்து நிறுத்தும் லீடிங் ஆர்ம் போல்ட்டுகள் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தன. ஒன்றை வெட்டித்தான் எடுத்தோம். பிரேக் காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் போய்விடும். ஏபிஎஸ் ஒயர் ஒன்று கிளிப்போடு முறிந்தது. ஃபோர் வீல் போடும்போது சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டுவது ஹப். அதற்குப் போகும் வேக்குவம் குழாய்கள் வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்திருந்தன. அவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். விலை அற்பம், ஆனால் அதில் சிறு கசிவு இருந்தாலும் ஹப் பூட்டாது, ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பிடித்த வேலை கிங்பின் இறுக்கம் பார்த்ததுதான். சீல் போடுவதற்கு முன்னால், நக்கிள் கையின் நுனியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி அண்ணன் மெதுவாக இழுத்தார். முள் அரைக் கிலோவைத் தொடுவதற்குள் நக்கிள் திரும்பிவிட்டது. இடையிலிருந்த மெல்லிய தகடான ஷிம் ஒன்றை எடுத்தார், மறுபடி இழுத்தார். ஒன்றரைக் கிலோ வாக்கில் அசைந்தபோதுதான் தலையை ஆட்டினார். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக, வண்டி தன் கால்களில் நின்ற பிறகே முறுக்கினார். தூக்கி வைத்தபடி முறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

நான்காம் நாள் மாலை முன்சக்கரங்களின் டோ கோணத்தைச் சரிபார்த்து வெளியே எடுத்தேன். எண்பதில் ஸ்டியரிங் அசையவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையிலும் ஒரே தடவையில் தேறியது.

அதற்கப்புறம் மெர்சிங் போய்வந்தேன். வீட்டுக்கு வந்ததும் புளோக் கார்ப்பார்க்கில் குனிந்து, வெள்ளைத் துணியால் வலது உருண்டை முனையைத் துடைத்தேன். மெல்லிய கிரீஸ் தடம், கொஞ்சம் மணல். வேறு ஒன்றும் இல்லை.