பாக்ஸ் ஒரு லேன் மேல ஏறின கதை

ஒரு ஆபீஸ்ல எந்த வேலைக்கு அப்புறம் எது, யார் செய்யறாங்கன்னு காட்டற படம் தான் புராசஸ் மாடல், அத வரையற வேலைக்கு வந்த புதுசுல, வேற டூல்ல வரைஞ்ச ஃபைல் நம்ம டூல்ல ஓப்பன் ஆயிட்டாலே வேலை முடிஞ்சுதுன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன். இந்த படங்கள வரையறதுக்கான ஸ்டாண்டர்டு பிபிஎம்என், அதோட 2.0 வந்தது 2011ல, அதுக்கு முன்னாடி 1.2 காலத்துல அந்த ஸ்டாண்டர்டுக்குன்னு சொந்தமா ஒரு ஃபைல் ஃபார்மேட்டே கிடையாது, எக்ஸ்பிடிஎல் அது இதுன்னு வேற ஃபார்மேட்டுகள தேடி சுத்தணும், இப்ப எல்லாருக்கும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல் தானே, அப்புறம் என்ன கவலைன்னு ஒரு தெம்பு.

ஒரு தடவை கிளையன்ட் டீம் அவங்க டூல்ல வரைஞ்சத எங்க டூல்ல எறக்குனேன், வேலிடேஷன்ல ஒரு எர்ரர் கூட இல்ல, ஆனா மேல் லேன்ல இருக்க வேண்டிய ரெண்டு பாக்ஸ் பூலுக்கு வெளிய தொங்கிட்டு இருந்துச்சு (பூல்னா மொத்த புராசஸையும் சுத்தி இருக்கற பெரிய கட்டம், லேன்னா அதுக்குள்ள ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வரிசை, பாக்ஸ்னா ஒரு வேலை). அங்கயே சந்தேகம் வந்திருக்கணும், நான் என்ன பண்ணேன், கையால உள்ள இழுத்து விட்டுட்டு மறுநாள் ரிவ்யூக்கு எடுத்துட்டு போயிட்டேன்.

மீட்டிங்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் கிளையன்ட் டீம் சீனியர் ஒருத்தர், "என்னப்பா, பில் அப்ரூவ் பண்றது எங்க அக்கவுண்ட்ஸ் வேலையாச்சே, சேல்ஸ்ல போட்டிருக்க?"ன்னார். ஃபைலுக்குள்ள அது அக்கவுண்ட்ஸ் லேனோட தான் சேந்திருக்கு சார்னு சொன்னேன், ஆனா படத்த பாக்கறவருக்கு ஃபைலுக்குள்ள என்ன இருந்தா என்ன, பாக்ஸ் எங்க உக்காந்திருக்கோ அவங்க தான் அந்த வேலைய செய்யறாங்க.

அப்புறம் தான் எக்ஸ்எம்எல்ல தொறந்து பாத்தேன். அதுல ரெண்டு பகுதி, எந்த வேலைக்கு அப்புறம் எதுங்கறது ஒண்ணு, எது எங்க இருக்குங்கற டயகிராம் பகுதி இன்னொண்ணு. ஒவ்வொரு பாக்ஸுக்கும் எக்ஸ், ஒய், அகலம், உயரம், அம்புக்குறிக்கு அது எந்தெந்த புள்ளி வழியா போகுதுன்னு சொல்ற வே பாயின்ட்டுகள். இந்த எக்ஸ், ஒய் எல்லாம் மொத்த படத்துக்கும் பொதுவான ஒரே புள்ளியிலருந்து தான் எண்ணணும், அவங்க டூல் பூலோட மூலையிலருந்து எண்ணி எழுதியிருக்கு. பூல் மேலருந்து 120 தள்ளி இருந்துச்சு, லேன் உயரமும் 120, அதனால எல்லா பாக்ஸும் அம்போட சேந்து கச்சிதமா ஒரு லேன் மேல ஏறிடுச்சு, அலங்கோலமா குவிஞ்சிருந்தாலாவது கண்ணுல பட்டிருக்கும்.

அத சரிபண்ண சின்ன ஸ்கிரிப்ட் போதும், பூலோட எக்ஸ் ஒய்ய கூட்டிட்டா ஆச்சு. பெரிய தலைவலி சைஸ் தான். நாம 100க்கு 80ன்னு வச்ச பாக்ஸ சில டூல் அதோட சொந்த சைஸுக்கு மாத்திடும், வே பாயின்ட்ட மட்டும் அப்படியே விட்டுடும், அம்பு முனை பாக்ஸ தொடாம அந்தரத்துல நிக்கும். இதுக்கு ரெண்டு டீமும் உக்காந்து ரெண்டு டூலும் ஏத்துக்கற ஒரு சைஸ முடிவு பண்ணோம், வேற வழி கெடைக்கல. ஆட்டோ லேஅவுட் பட்டன யாரும் தொடக்கூடாதுன்னும் சொல்லியாச்சு, அத ஒரு அமுக்கு அமுக்கினா நேர்கோட்டுல போட்டு வச்ச மெயின் ரூட் எங்க வளையும்னு தெரியாது.

இப்பல்லாம் ஃபைலோட எக்ஸ்போர்ட் பண்ண படத்தையும் கேட்டு வாங்கிடறேன். புது டூல்னா, பிபிஎம்என் ஸ்டாண்டர்ட வெளியிடற ஓஎம்ஜி அமைப்போட மாடல் இன்டர்சேஞ்ச் குரூப் போட்டிருக்கற டெஸ்ட் மாடல்கள மொதல்ல அதுல எறக்கி, திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணி, ரெண்டு எக்ஸ்எம்எல்லயும் டயகிராம் பகுதிய ஒப்பிட்டு பாக்கறேன். லேபிள் மட்டும் வழிக்கு வரல, எடம் குறிச்சு அனுப்பினாலும் ஃபான்ட் மாறினா வரி மடங்கிடுது, வழி பிரியற எடத்துல வர்ற கேட்வே மேல இருக்கற கேள்வி அம்புக்குறி மேல ஏறி உக்காந்துக்குது, அத இன்னும் மவுஸால தான் நகத்திட்டு இருக்கேன்.