இரசாயனத் தராசின் முன்னால் கற்றவை

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரசாயனத் தராசைத் தொடுவதற்கு முன்னர், மாணவர் ஒவ்வொருவரும் ஆசிரியரின் ஒரு கேள்விக்கு விடையளிக்க வேண்டும். இத்தராசையும் சுவரில் தொங்கும் விற்றராசையும் சந்திரனுக்குக் கொண்டுசென்றால் எதன் அளவீடு மாறும் என்பதே அக்கேள்வி. ஒரு கிலோகிராம் திணிவை, அதாவது அவ்வளவு சடப்பொருளை, புவி ஏறத்தாழ 9.8 நியூற்றன் விசையால் இழுக்கிறது, சந்திரன் 1.6 நியூற்றனால் மட்டுமே இழுக்கிறது. அந்த இழுவையே நிறை. விற்றராசு அதனை அளப்பதால் அங்கே குறைத்துக் காட்டும்; இரு தட்டுகள் கொண்ட இரசாயனத் தராசிலோ பொருளும் படிக்கல்லும் ஒரே விகிதத்தில் நிறை குறைவதால் சமநிலை குலையாது. சந்திரன் வரை போகவும் வேண்டியதில்லை: ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது ஒரு கிலோகிராம் மீதான புவியின் இழுவை, மத்தியகோட்டில் 9.78 நியூற்றன், துருவத்தில் 9.83 நியூற்றன் என்பதை அவரே கரும்பலகையில் எழுதிக் காட்டினார். படிக்கற்களைச் சாவணத்தால் மட்டுமே எடுக்க விடுவார்; விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டினால் படிக்கல்லின் திணிவே மாறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது கனவளவு பற்றிய பாடமே. 50 மில்லிலீற்றர் நீரையும் 50 மில்லிலீற்றர் எதனோலையும் ஒரே அளவுச்சாடியில் ஊற்றச் செய்து, கண்ணைப் பிறையுருவின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். கலவை தொட்டறியத்தக்க அளவு சூடேறியிருந்தது; ஆறியபின் 96 மில்லிலீற்றரைச் சற்றே தாண்டிய கோட்டில் நின்றது. ஒரு துளியும் சிந்தவில்லை. தராசில் வைத்தபோது, நீரின் 49.9 கிராமும் எதனோலின் 39.5 கிராமும் சேர்ந்து குறைவின்றி அங்கே இருந்தன. இரு வகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து நெருக்கமாக அடுக்கப்படுவதால் இடம் சுருங்குகிறது என்று விளக்கிய பின்னரே, இக்கலவையில் எதனோல் எத்தனை சதவீதம் என்று கேட்டார். பாதிக்குப் பாதி என்று பலர் சொன்னோம். திணிவுப்படி கணித்தால் அது 44 சதவீதம்தான்.

எதன் சதவீதம் என்று சொல்லாத சதவீதத்தை அவர் விடையாக ஏற்றதே இல்லை. அந்தக் கண்டிப்பு முற்றிலும் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். 10 கிராம் உப்பை 100 கிராம் நீரில் கரைத்தால் கிடைப்பது 10 சதவீதக் கரைசல் அன்று. மொத்தம் 110 கிராம் ஆவதால் அது 9.1 சதவீதமே. 90 கிராம் நீரில் கரைத்தால்தான் திணிவுப்படி 10 சதவீதம். அந்த 100 கிராம் கரைசலும் ஏறத்தாழ 93 மில்லிலீற்றர் இடத்தையே பிடிப்பதால், அதே கரைசலின் 100 மில்லிலீற்றரில் 10.7 கிராம் உப்பு இருக்கும்.

பிற்காலத்தில் தொழில் நிமித்தம் செறிந்த சல்பூரிக்கமிலத்தைக் கையாண்டபோது இப்பயிற்சியின் பெறுமதியை முழுமையாக உணர்ந்தேன். போத்தலில் 98 சதவீதம் என்றும் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.84 கிராம் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். சதவீதம் திணிவுக்குரியது என்று அறிந்தவருக்கே ஒரு லீற்றரில் 1800 கிராமுக்கு மேல் அமிலம் இருப்பது விளங்கும். அதிலிருந்து ஒரு கிலோகிராம் 10 சதவீதக் கரைசல் வேண்டுமாயின், 898 கிராம் நீரை முதலில் நிறுத்து எடுத்து, 102 கிராம் அமிலத்தைக் கலக்கியபடி சிறிது சிறிதாக அந்நீரினுள் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கரைசல் வெகுவாகச் சூடேறும். அச்சூட்டில் வாசித்த கனவளவு ஆறியதும் குறைந்துவிடும் என்பதாலேயே கனமானக் குடுவையின் (குறித்த கனவளவுக் கரைசலைத் தயாரிக்கும் குடுவையின்) கழுத்தில் 20 பாகை செல்சியஸ் என்று பொறித்திருக்கிறார்கள். தராசில் நிறுத்துத் தயாரித்தவர் ஆறும்வரை காத்திருக்காமலே சிட்டையில் திணிவுப்படி 10 சதவீதம் என்று எழுதலாம்.